கிளட்ச் அத்தையின் மேற்குப் பக்க மரணம்

நகரத்தை நிர்வகிக்க ஒழுங்கு வேண்டும். ஒழுங்குக்குப் பிரிவுகள் வேண்டும். பிரிவுகளுக்கு நடுவே ஒரு கோடு வேண்டும். பொறுப்பில் இருந்தவர்கள் கூடி, வரைபடத்தை விரித்து, அளவுகோலை வைத்து இழுத்த அந்தக் கோடு, ஒரு நீண்ட தெருவின் நடுவே, வண்டிகளுக்காகப் பூசியிருந்த வெள்ளைப் பட்டையின் மேலேயே போயிற்று. அன்று முதல் தெருவின் கிழக்குச் சாரி கிழக்குப் பிரிவுக்கும், மேற்குச் சாரி மேற்குப் பிரிவுக்கும் உரியவை ஆயின. ஒரு பக்கம் குப்பை வண்டி வரும் நாளில் மறுபக்கம் வராது. ஒரு பக்கம் விளக்கெரியும்போது மறுபக்கம் இருண்டிருக்கும். இதனால் யாருக்கும் பெரிய நட்டமில்லை. ஒரு பக்கத்துக் குப்பையை மறுபக்கத்தில் போட்டு மக்கள் சமாளித்துக்கொண்டார்கள்.

கொள்ளைநோய் வந்த பிறகுதான் அந்தக் கோட்டுக்கு உயிர் வந்தது.

நோயாளி எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் அவரை எண்ண வேண்டும் என்று கிழக்குப் பிரிவு தீர்மானித்தது. சோதனைக்கான மாதிரி எங்கே எடுக்கப்பட்டதோ அங்கேதான் எண்ண வேண்டும் என்று மேற்குப் பிரிவு தீர்மானித்தது. இரண்டும் ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் எடுக்கப்பட்ட தீர்மானங்கள். இரண்டையும் ஆதரித்து வல்லுநர்கள் பேசினார்கள். இரண்டும் ஒரே தெருவில் நடைமுறைக்கு வருகின்றன என்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. அது அவர்களுடைய ஆய்வு எல்லைக்கு வெளியே இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் கிழக்குச் சாரியில் மாடி வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற காப்பீட்டு முகவர். ஆயுள் முழுவதும் பிறர் எப்போது இறப்பார்கள் என்று மதிப்பிட்டுப் பழகியவர். அவரைத் தெருவில் எல்லாரும் ‘புள்ளிவிவரம்’ என்றே அழைத்தார்கள். மாலைதோறும் வெளியாகும் தொற்று எண்ணிக்கையைத் தம் மாடி முகப்பில் நின்று அவர் உரத்துப் படித்து விளக்குவார். இரு சாரியும் சன்னல்களில் கூடிக் கேட்கும். அப்படி ஒரு மாலையில்தான் அவர் இதை அறிவித்தார்: மேற்கில் வசிப்பவர் எவரேனும் தெருவைக் கடந்து வந்து கிழக்குச் சோதனை முகாமில் மூக்கைக் காட்டினால், ‘இவர் எங்கள் குடியிருப்பாளர் அல்லர்’ என்று கிழக்கு விட்டுவிடும், ‘இது நாங்கள் எடுத்த மாதிரி அல்ல’ என்று மேற்கும் விட்டுவிடும். அவருக்கு நோய் வந்திருக்கும். ஆனால் எங்கும் வந்திருக்காது.

மறுநாள் விடிந்ததும் மேற்குச் சாரி முழுவதும் கிழக்கு முகாமில் வரிசையில் நின்றது.

எண்ணப்பட்டவர் வீட்டுக் கதவில்தான் மஞ்சள் தாள் ஒட்டுவார்கள்; எண்ணப்பட்டவர்தான் வெளியே வரக் கூடாது. எண்ணப்படாதவர் இருமிக்கொண்டே கடைக்குப் போகலாம். விரைவிலேயே இது கௌரவப் பிரச்சினை ஆயிற்று. மேற்கில் பெயின்ட் கடைக்காரரின் மனைவி தம் வீட்டு வாசல் கம்பியில் பச்சை ரிப்பன் கட்டினார். அடுத்த நாள் அந்தச் சாரி முழுக்கப் பச்சை ரிப்பன் ஆடிற்று. பச்சை நிற முகக்கவசம் வந்தது. அதை மூக்கை மூடி அணிவது தன்னம்பிக்கைக் குறைவு என்று கருதப்பட்டதால் தாடையில் அணிந்தார்கள். “எங்க குடும்பம் எந்தக் கணக்குலயும் கிடையாது” என்று சொல்லிக்கொள்வது, பரம்பரைப் பெருமையைச் சொல்வதுபோல் ஒலிக்கத் தொடங்கிற்று.

கிழக்குச் சாரியில், புள்ளிவிவரத்தின் வீட்டுக்கு அடுத்த வீட்டில், கிளட்ச் அத்தை இருந்தாள்.

அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்த வட்டாரத்தில் வண்டி ஓட்டும் பாதிப்பேர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “கிளட்ச்ச மிதி, கிளட்ச்ச மிதி” என்று வசவு வாங்கித் தேறியவர்கள். பயிற்சி வண்டியில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. எதிரில் இருப்பவர் தவறு செய்கிறார் என்று தோன்றினாலே, வண்டியில் இல்லாதபோதும், அவளுடைய கால் தானாகத் தரையை அழுத்தும். கணவர் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் மகள்தான். மகளை எதிர்ச் சாரியில், கீழே ரொட்டிக்கடையும் மேலே வீடுமாக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். மகளுக்கு அப்போது நிறைமாதம். ‘பிரசவ அறைக்குள்ள அம்மா பக்கத்துல இருந்தாத்தான் நான் உள்ளேயே போவேன்’ என்று அவள் தினமும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைத் தவிர வேறு எதையும் அத்தை அந்த மாதத்தில் நினைக்கவில்லை.

இந்த நிலையில் மாப்பிள்ளை ஒருநாள் மாமியாருக்குச் சூடாக ரொட்டி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். நடுநடுவே இருமினார். அத்தை கேட்டதற்கு, தாம் முறைப்படி கிழக்கு முகாமில் சோதித்துக்கொண்டதாகவும், தொற்று இருப்பதாகச் சொன்னார்கள் என்றும், ஆனால் எந்தக் கணக்கிலும் இல்லை என்றும் நிம்மதியாகச் சொன்னார். மனைவி பக்கமே போவதில்லை, கடையில்தான் படுக்கை என்றும் சொன்னார். ரொட்டி வாங்க வருபவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சில நாளில் அத்தைக்கும் தொண்டை கரகரத்தது.

அவள் நேர்மையாகத் தன் பக்கத்து முகாமுக்குத்தான் போனாள். அங்கே மேற்குச் சாரி வரிசை தெருமுனைவரை நின்றது. அவள் முறை வருவதற்குள் மூக்கில் விடும் குச்சி தீர்ந்துவிட்டது. எதிரே மேற்கு முகாமில் ஈ காக்கை இல்லை. அங்கிருந்த பெண் ஒரு மூக்கைக் கண்டே வெகுநாள் ஆகியிருந்ததால், அத்தையை வரவேற்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, இரண்டு பக்கமும் அன்போடு குடைந்து அனுப்பினாள்.

தொற்று உறுதியாயிற்று. அத்தை கிழக்கில் வசிப்பவள். ஆகவே கிழக்குப் பிரிவு அவளை ஒன்று என்று எண்ணியது. மாதிரி மேற்கில் எடுக்கப்பட்டது. ஆகவே மேற்குப் பிரிவும் அவளை ஒன்று என்று எண்ணியது. அவள் வீட்டுக் கதவில் கிழக்கு ஒரு மஞ்சள் தாள் ஒட்டியது. கிழக்கு மண்ணில் கால் வைக்கும் அதிகாரம் மேற்குக்கு இல்லை. ஆதலால் அது தன்னுடைய தாளை, அவள் வீட்டுக்கு நேர் எதிரே, தன் எல்லைக்குள் நின்ற விளக்குக் கம்பத்தில் ஒட்டியது. அந்தக் கம்பம் தனிமைப்படுத்தப்பட்டது.

அன்று மாலை புள்ளிவிவரம் மாடி முகப்பில் வந்து நின்றார்.

“காலையில தெருவுல ஒரு நோயாளி. சாயந்தரம் ரெண்டு. அரை நாள்ல ரெண்டு மடங்கு. இதே வேகத்துல போனா, அடுத்த வாரம் தெருவுல இருக்கிற ஆளுங்களவிட நோயாளிங்க அதிகமாயிருவாங்க.”

“அதெப்படிய்யா முடியும்?” என்று யாரோ கேட்டார்கள்.

“கணக்கு அப்படித்தான் சொல்லுது. முடியுமா முடியாதான்னு நோய்தான் பாத்துக்கணும்.”

கிழக்கு நோயாளி யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மேற்கு நோயாளி யார் என்பதுதான் தெருவைக் குடைந்தது. அதே பெயர், அதே வயது, அதே தொழில் என்று செய்தி கசிந்ததும், அத்தைக்கு இரட்டையாகப் பிறந்தவள் ஒருத்தி உண்டு என்றும், குடும்பத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை என்றும், அவள்தான் ராத்திரியெல்லாம் சுற்றி நோயைப் பரப்புகிறாள் என்றும் பேசிக்கொண்டார்கள். பெயின்ட் கடைக்காரரின் மனைவி அவளைக் கம்பத்தருகே ஒருமுறை பார்த்தே இருந்தார். கதவுக்குப் பின்னால் படுத்திருந்த அத்தையிடம் சன்னல் வழியாகக் கேட்டவர்கள், அது நான்தான் என்று அவள் எத்தனை முறை சொல்லியும், கூடப் பிறந்தவளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் மறைக்கிறாள் என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

காய்ச்சல் விட்டது. கிழக்குப் பிரிவு வந்து சோதித்து, குணமானவள் என்று அறிவித்து, கதவிலிருந்த தாளைக் கிழித்துப் போட்டது. அத்தை குளித்து உடுத்தி, வெகுநாளைக்குப் பிறகு தெருவைக் கடந்து, மேற்குச் சாரிக் கோடியில் இருந்த பிரசவ மருத்துவமனைக்குப் போய், மகளுக்குத் துணையாகத் தன் பெயரைக் கொடுத்தாள். துணைக்கு வருபவர் மேற்குப் பிரிவின் தொற்றுக் கணக்கில் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. செவிலி கணினியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

கம்பத்துத் தாள் இன்னும் ஒட்டியேதான் இருந்தது.

வேறு யாரும் இல்லையா என்று செவிலி கேட்டாள். மருமகன் இருக்கிறார் என்றதும் அவரைக் கணினியில் தேடிப் பார்த்து, அவர் எந்தக் கணக்கிலும் இல்லை, தாராளமாக வரலாம் என்றாள். மருமகனோ ரொட்டி அறுக்கும்போது விரலில் கீறினாலே மயங்கி விழுபவர். போதாததற்கு இருமல் வேறு விட்டபாடில்லை. அத்தை நேரே மேற்குப் பிரிவு அலுவலகத்துக்கு நடந்தாள்.

அங்கிருந்த மேற்பார்வையாளர் மிகவும் பண்பானவர். யாரையும் உட்காரச் சொல்லாமல் மறுத்ததில்லை.

“நான் குணமாயிட்டேன் சார். கிழக்குப் பிரிவே விட்டுட்டாங்க” என்றாள் அத்தை.

“ரொம்ப சந்தோஷம்மா. ஆனா என் கவலை எங்க நோயாளியப் பத்தி.”

“அதுவும் நான்தான்.”

மேற்பார்வையாளரின் முகம் வருத்தத்தால் சுருங்கிற்று. “அப்படின்னா தொற்று இருக்கிற நீங்க வெளிய வந்து என் எதிர்ல உக்காந்திருக்கீங்க. அது குற்றம்மா.”

“எனக்குத் தொற்று இல்ல சார்.”

“இல்லன்னா நீங்க எங்க நோயாளி இல்ல. எங்க நோயாளிக்கு இருக்கு.”

மேசைக்கு அடியில் அத்தையின் கால் தரையை அழுத்திற்று. எதுவும் நிற்கவில்லை. மறுபடி சோதித்துப் பாருங்கள் என்று அவள் கேட்டாள். மறுசோதனை நோயாளிக்குத்தான் செய்ய முடியும். நோயாளி வெளியே வரக் கூடாது. பிரிவின் ஆள்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். வீடோ கிழக்கில் இருக்கிறது. பிரிவின் அதிகாரம் வெள்ளைக் கோட்டோடு முடிகிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். இதில் எந்தப் படியிலும் தவறில்லை என்பதை அவளும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நோயாளியைக் கிழக்குக்கு மாற்றிவிடலாம் என்று அவரே யோசனை சொல்லி, அங்கே தொலைபேசியில் பேசினார். குணமாக்கி அனுப்பிய ஆளையே மறுபடி நோயாளியாக வாங்கிக்கொண்டால் குணமானோர் விழுக்காடு கெட்டுவிடும் என்று கிழக்கு மறுத்துவிட்டது.

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒருத்தர எங்க கணக்கிலேர்ந்து எடுக்க மூணாவதா ஒரு வழி இருக்கு. சொல்லத்தான் சங்கடமா இருக்கு.”

“சொல்லுங்க.”

“மறைவு.”

அத்தை நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். “அதுக்கு அவங்க நேர்ல வரணுமா?”

“வேண்டாம்மா. அதுதான் அதுல இருக்கிற வசதி. அறிந்தவர் ஒருத்தர் சாட்சி சொன்னா போதும்.”

அப்போது அவளுடைய தொலைபேசி அடித்தது. மகள்தான். இடுப்பில் சுருக்கென்று வலிக்கிறது, விட்டு விட்டு வலிக்கிறது என்றாள். அத்தை அதை வைத்துவிட்டுப் புள்ளிவிவரத்தை அழைத்தாள்.

அவர் கிழக்கு வாசி ஆனாலும் சாட்சிக்கு எல்லை கிடையாது என்பதால் உடனே வந்து சேர்ந்தார். ஆயுள் முழுவதும் இறப்புச் சான்றுகளோடு வாழ்ந்த மனிதருக்கு இது பண்டிகை மாதிரி. அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“இறந்தவங்கள உங்களுக்குத் தெரியுமா?” என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

“நல்லாத் தெரியும். பக்கத்து வீடு.”

“கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“இப்பதான். ரொம்பக் கிட்டத்துல.”

“அமைதியா இருந்தாங்களா?”

புள்ளிவிவரம் திரும்பி அத்தையைப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். “இவ்வளவு அமைதியா அவங்கள நான் பாத்ததே இல்ல சார்.”

மேற்பார்வையாளர் எழுந்து நின்று தலை குனிந்தார். இருவரும் எழுந்து நின்றார்கள். மேற்குப் பிரிவின் முதல் மரணத்துக்கு உரிய மரியாதை செலுத்தப்பட்டது. வெளியே போகும்போது, அவர் அத்தையிடம், ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார்.

அவள் வீட்டுக்கு ஓடி, மகளுக்கு வேண்டியவற்றைப் பையில் திணித்துக்கொண்டிருந்தபோதே மாடி முகப்பிலிருந்து குரல் கேட்டது. மேற்கில் மொத்த நோயாளி ஒருவர், இறந்தவர் ஒருவர், இறப்பு விகிதம் நூற்றுக்கு நூறு.

“கிழக்குல வந்தா பொழைக்கலாம். மேற்குல வந்தா ஒருத்தர்கூடத் தப்ப முடியாது. நான் சொல்லல, கணக்கு சொல்லுது” என்றார் புள்ளிவிவரம், அந்தக் கணக்கைத் தாமே சற்றுமுன் உண்டாக்கியவர் என்ற கூச்சம் சிறிதும் இல்லாமல்.

 மேற்குச் சன்னல்களில் கூடியிருந்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக, இருமத் தொடங்கினார்கள்.

நூற்றுக்கு நூறு என்றால் நகரத்திலேயே உச்சம். அத்தை பையோடு தெருவுக்கு வருவதற்குள், வெள்ளைக் கோட்டின் மேல் நெடுகத் தகரத் தடுப்பு நின்றது. அவளுடைய மரணத்தை முன்னிட்டு மேற்குச் சாரி அடைக்கப்பட்டிருந்தது. உள்ளே யாரும் போகக் கூடாது, வெளியே யாரும் வரக் கூடாது. தடுப்புக்கு அந்தப் பக்கம், மகளைத் தள்ளுநாற்காலியில் வைத்து மருமகன் மருத்துவமனையை நோக்கித் தள்ளிக்கொண்டு போவது தகர இடுக்கில் தெரிந்தது. மகள் தலையைத் திருப்பித் திருப்பிக் கிழக்கையே பார்த்துக்கொண்டு போனாள்.

அத்தை தடுப்பருகே நின்ற காவலரிடம் போய் நின்றாள். பிரசவத்துக்குத் துணை என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கு விலக்கு இல்லை என்றார். குணமானவள் என்றாள். குணமானவர்களுக்குத்தான் மறுபடி வரக்கூடும் என்றார். பிள்ளை பெறப் போகும் மகள் தனியாக இருக்கிறாள் என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. அந்த அழுகையைப் பார்த்த காவலர் இரக்கப்பட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஏம்மா, துக்க வீட்டுக்கு வந்தவங்களா நீங்க? அதை முதல்லயே சொல்லக் கூடாதா? நெருங்கின சொந்தத்த மட்டும் விடச் சொல்லியிருக்காங்க.”

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“செத்துப்போனவங்களுக்கு நீங்க என்ன முறை?”

“ரொம்ப நெருக்கம்.”

“ரத்த சொந்தமா?”

“ஒரே ரத்தம்.”

அவர் கைப்பேசியில் இறந்தவரின் படத்தை வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஜாடை அப்படியே இருக்கு. நீங்க கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியுது.”

“துக்கம்தான்” என்றாள் அத்தை.

தகரம் விலகிற்று.

மருத்துவமனையில் செவிலி மறுபடி கணினியைப் பார்த்தாள். தொற்றுக் கணக்கில் அந்தப் பெயர் இப்போது இல்லை. இறந்தவர்கள் துணைக்கு வரக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போகலாம் என்றாள். நடையில் மருமகன் தரையில் மல்லாந்து கிடந்தார்; ஒருவர் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். அத்தை அவரைத் தாண்டிப் போனாள்.

மகள் வியர்த்துக் கிடந்தாள். தாயின் கை பட்டதும் அதை எலும்பு நொறுங்குமாறு பற்றிக்கொண்டு, “ஏம்மா இவ்வளவு நேரம்?” என்றாள்.

“செத்துட்டு வர வேண்டியிருந்துச்சுடி” என்றாள் அத்தை.

பேத்தி பிறந்தாள். மூச்சு திணறாமல், முழுக் குரலில் அழுதாள். எந்தப் பிரிவையும் எந்தக் கோட்டையும் பற்றி அந்த ஒரு நாழிகை யாரும் பேசவில்லை.

அடைத்த பகுதியில் முகாம் நடத்தக் கூடாது என்பதால் மேற்கு முகாம் மூடிக் கிடந்தது. முகாம் இல்லாததால் மாதிரி இல்லை. மாதிரி இல்லாததால் தொற்று இல்லை. தொடர்ந்து தொற்றே இல்லாத பகுதியை அடைத்து வைப்பது முறையன்று என்று கண்டு, மேற்பார்வையாளர் தடுப்பைப் பாராட்டுரையோடு அகற்றி முகாமைத் திறந்தார்.

அகற்றிய அன்றே மேற்குச் சாரி முழுவதும், அத்தை மகளோடு தங்கியிருந்த ரொட்டிக்கடை மாடிக்குத் துக்கம் விசாரிக்க வந்தது. கூடப் பிறந்தவளை இழந்த அத்தையைப் பார்க்காமல் எப்படி இருப்பது? தாடையில் பச்சைக் கவசத்தோடு, குழந்தையின் தொட்டிலைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மூக்கும் வாயும் மூடிய ஒரே ஆள் அத்தைதான். தொட்டிலை அவள் சுவரோரமாக நகர்த்த நகர்த்த, அவர்களும் அன்போடு நகர்ந்து வந்தார்கள்.

“பாவம் அந்தம்மா” என்றார் பெயின்ட் கடைக்காரரின் மனைவி, இருமலுக்கு நடுவே. “எங்கள மாதிரி எதிர்ப்பக்கம் போய்ச் சோதிச்சிருந்தா இன்னைக்கு உசுரோட இருந்திருப்பாங்க.”

“அவங்களும் எதிர்ப்பக்கம் போய்த்தான் சோதிச்சாங்க” என்றாள் அத்தை.

“எந்தப் பக்கத்துலேர்ந்து போறோம்னு ஒண்ணு இருக்கில்ல?”

எல்லாரும் தலையாட்டினார்கள். இவர்களுக்குப் பதில் சொல்ல அத்தையிடம் ஒரு வண்டி வசவு இருந்தது. அத்தனையும் தொண்டைக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தொட்டிலில் குழந்தை தும்மிற்று.

ஒருமுறைதான். ஆனால் எல்லாத் தலைகளும் தொட்டில் பக்கம் திரும்பின. பிறந்த குழந்தைகளையும் சோதித்துவிட வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியனுப்பியிருந்தது அப்போதுதான் மருமகனுக்கு நினைவு வந்தது. தொற்று என்று எண்ணப்பட்டால் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனியே வைப்பார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

“அத்தை, நம்ம முகாம் கீழயே இருக்கு. காலியாவும் இருக்கு. அங்கேயே காட்டிரலாமா?” என்றார் அவர்.

அத்தை குழந்தையைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். இரு பக்க முகாம்களும் எப்படி எண்ணுகின்றன என்பதைத் தன் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். குனிந்து துணியைச் சுற்றிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

“கிழக்குக்கு எடுத்துட்டுப் போலாம் மாப்பிள்ளை” என்றாள். “ஒண்ணும் இல்லன்னா எங்க பாத்தாலும் ஒண்ணும் இல்ல. ஏதாச்சும் இருந்தா, இல்லாம போற பக்கத்துல பாக்கிறதுதானே குழந்தைக்கு நல்லது.”

துக்கத்துக்கு வந்தவர்கள் எழுந்து, இருமியபடி, மரியாதையோடு அவளுக்கு வழிவிட்டார்கள்.